சால்பின் தூண்கள்: குணம் கூறும் தமிழ்ச் சொற்கள்



ஒருவரைப் பற்றி மற்றொருவரிடம் விசாரிப்போர் அவருடைய ஊர், தொழில், வயது ஆகியவற்றை முதலில் கேட்கின்றனர். அவற்றை அறிந்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: "ஆள் எப்படி?" பெண் கொடுக்க எண்ணுவோரும், வீட்டை வாடகைக்கு விடுவோரும், கைமாற்றாகப் பணம் தருவோரும் இக்கேள்வியைக் கேளாமல் இருப்பதில்லை. இதற்கு விடையாக வருவனவே குணம் கூறும் சொற்கள். மனிதர் மனிதரை நம்புவதும் நம்பாமல் விலகுவதும் இச்சொற்களைக் கொண்டே நிகழ்கின்றன. ஆகவே இவை சொல்லலங்காரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வாழ்க்கையின் கொடுக்கல் வாங்கலுக்கே அடிப்படையானவை.

இலக்கிய வட்டங்களுக்கு இச்சொற்களின் தேவை மிகுதி. நூல் வெளியீடு, பாராட்டு விழா, மணிவிழா, இரங்கற் கூட்டம் என எது நடப்பினும் ஒருவரின் பண்பு பேசப்பட்டே ஆகவேண்டும். அவ்வேளைகளில் கேட்கும் சொற்கள் எவை? பண்பாளர், எளிமையானவர், இனியவர், நல்ல உள்ளம் கொண்டவர், பன்முக ஆளுமை, மாமனிதர். ஏறத்தாழ இந்த ஆறு சொற்களே அரங்கம் தோறும் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. ஒரு விழாவின் வாழ்த்துரையில் பெயரை மட்டும் மாற்றி அடுத்த விழாவில் படித்தாலும் கேட்போர்க்கு வேறுபாடு தோன்றாது. வாழ்த்தப் பெறுபவருக்கு இதனால் பெரிய இழப்பில்லை எனலாம். இறந்தவருக்கோ இஃது இழப்பே. ஒரு மனிதர் மறைந்த பின் அவரைப் பற்றி எஞ்சுவது சொல் ஒன்றே. அச்சொல் எவருக்கும் பொருந்துவதாயின், அவர் எவராகவும் இல்லாமற் போகிறார்.

இவ்வறுமை தமிழுக்கு இயல்பானதா என ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

இலக்கணத்தார் கண்ட பண்பு

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எட்டாவது இயலாக உரியியலை அமைத்தார். இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் அடியாகப் பிறக்கும் சொற்களுக்கென ஓர் இயலையே ஒதுக்கினார் என்பது எண்ணத்தக்கது. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில், உள்ளத்து நிகழ்வு உடல்வழி வெளிப்படும் எட்டு வகைகளைத் தொகுத்தார். அவற்றுள் ஒன்றாகிய பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன்களையும் காட்டினார். பெருமிதம் வெறுமனே தோன்றுவதில்லை. கற்றல், அஞ்சாமை, புகழொடு வாழ்தல், கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்று அதற்கு அடியாக வேண்டும் என்பது இதன் கருத்து.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், உடல்கொண்ட உயிர்க்கு உரிய குணங்கள் என 32 சொற்களை ஒரே நூற்பாவில் தொகுத்தார். அப்பட்டியலில் அறிவும் மையலும் உள்ளன. அருளும் வெகுளியும் உள்ளன. அன்பும் அழுக்காறும் உள்ளன. ஊக்கமும் மறவியும் உள்ளன. நல்லவை ஒரு வரிசை, தீயவை ஒரு வரிசை என அவர் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் அஃது அறநூல் ஆகியிருக்கும். இலக்கணத்தார்க்கு மனிதர் அனைவரும் இந்த முப்பத்திரண்டின் கலவையே. பாராட்டுரை எழுதுவோர் இப்பட்டியலில் பாதியை மறைத்துவிட்டே எழுதத் தொடங்குகின்றனர். குறையே இல்லாதவராகக் காட்டப்படும் ஒருவர் நம்பத்தக்க மனிதராகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நிகண்டு நூலார் மரபும் கருதத்தக்கது. திவாகரத்தில் எட்டாவது தொகுதி பண்பு பற்றியது. அதனை அடுத்துச் செயல் பற்றிய தொகுதி வருகிறது. பண்பையும் செயலையும் அடுத்தடுத்து வைத்த இம்முறை, ஒன்றை அறிய மற்றொன்று வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது.

எடை பார்த்த சொற்கள்

தமிழின் பண்புச் சொற்கள் எங்கிருந்து பிறந்தன எனப் பார்த்தால், அவற்றுட் பல, கண்ணால் காணவும் கையால் தொடவும் தக்க பொருள்களிலிருந்து வந்தமை புலனாகும். பொறை என்பது பொறுமை. சுமக்கும் பாரத்துக்கும் அதுவே பெயர். நிறை என்பது மனத்தைத் தன்வழி நிறுத்தும் உறுதி. துலாக்கோலில் இடும் எடைக்கும் அதுவே பெயர். திண்மை கட்டையிலும் உண்டு; கற்பிலும் உண்டு. ஈரம் மண்ணிலும் உண்டு, நெஞ்சிலும் உண்டு. செறிவு நெய்த துணியிலும் உண்டு. சொன்ன சொல்லிலும் உண்டு.

செம்மை என்னும் சொல் சிவப்பு நிறத்தைக் குறிப்பதோடு நேராக நிற்றலையும் குறிக்கும். நேரான கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். கொடுமை என்னும் சொல்லின் பழம்பொருள் வளைவு என்பதே. ஆகவே கொடியவன் என்போன் முதற்கண் வளைந்தவன். பிறகே பிறரை வருத்துபவன். கோணல் புத்தி என்னும் இன்றைய பேச்சு வழக்கிலும் அப்பழைய உவமை உயிரோடு இருக்கிறது. நேர்மை என்பதும் அவ்வழியே பிறந்த சொல். நடுவுநிலைமையை விளக்க வள்ளுவர் தராசின் கோலையே காட்டினார்.

சுமப்பவர், நிறுப்பவர், நெய்பவர், உழுபவர் ஆகியோரின் அன்றாட அனுபவமே இச்சொற்களுக்குப் பொருள் தந்தது. குணம் என்பது கண்ணுக்குத் தெரியாத மூடுமந்திரமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. எடை பார்க்கலாம், வளைவு பார்க்கலாம், ஈரம் இருக்கிறதா எனத் தொட்டுப் பார்க்கலாம் என அவர்கள் கருதினர். இன்று வழங்கும் "ஆளுமை" என்னும் சொல்லோடு இவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். உளவியல் கல்வியோடு பரவிய அச்சொல் பயனுடையதே. ஆயினும் இலக்கிய மேடைகளில் அது குணத்தின் பெயராக இல்லாமல் ஆளின் பெயராகவே மாறிவிட்டது. "மூன்று ஆளுமைகள் பங்கேற்றனர்" என்கின்றனர். பங்கேற்றவர்கள் எடை மிக்கவர்கள் என்பது மட்டும் தெரிகிறது; எதில் எடை மிக்கவர்கள் என்பது தெரிவதில்லை.

தோழியின் ஒன்பது சொற்கள்

பண்புச் சொற்களுக்குப் பொருள் வரையறை கூறிய பழைய தமிழ்ப் பாடல்களுள் தலையாயது கலித்தொகையின் 133ஆம் பாட்டு. நெய்தற்கலியைச் சேர்ந்த அதனைப் பாடியவர் நல்லந்துவனார். ஆற்றுதல், போற்றுதல், பண்பு, அன்பு, அறிவு, செறிவு, நிறை, முறை, பொறை என ஒன்பது சொற்கள் அதில் அடுத்தடுத்து விளக்கம் பெறுகின்றன. அறநூற் பகுதி போன்று இதனைத் தனியே எடுத்துப் பள்ளி மாணவர்க்கு மனப்பாடம் செய்விப்பது நெடுங்கால வழக்கம். அவ்வாறு தனியே எடுக்கும்போது மறைந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. இதனைப் பேசுபவர் ஆசிரியரும் அல்லர், முனிவரும் அல்லர், தலைவியின் தோழி. கேட்பவன், தலைவியோடு பழகி இன்பம் துய்த்துப் பின் வாராது காலம் நீட்டிக்கும் தலைவன்.

இச்சூழலில் வைத்துப் படித்தால் ஒன்பது சொற்களும் வேறு முகம் காட்டும். அன்பு என்பதற்கு இனிமை, காதல் போன்ற பொருள்களைத் தோழி கூறவில்லை. சுற்றத்தாரிடம் சினம் கொள்ளாமையே அன்பு என்கிறாள். அறிவு என்பதற்குக் கல்விப் பெருக்கத்தைக் கூறவில்லை. அறியாதவர் பேசும் பேச்சைப் பொறுத்துக்கொள்வதே அறிவு என்கிறாள். செறிவு என்பது கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்காமை. நிறை என்பது மறைக்க வேண்டியதைப் பிறர் அறியாதபடி காத்தல். முறை என்பது குற்றவாளி தம்மவர் என்பதற்காகத் தண்டனையைக் குறைக்காமை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செயல். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே ஒரு மனிதர். துன்புறுபவர், இணைந்தவர், உறவினர், அறியாதவர், பகைவர் என எவரேனும் ஒருவர் எதிரே நிற்காமல் இக்குணங்களுள் எதற்கும் வேலையே இல்லை.

விளக்கம் முடிந்ததும் தோழி தலைவனை நோக்கித் திரும்புகிறாள். இவை உனக்குத் தெரியுமெனில், உன்னால் வருந்துபவளின் துயரைத் தீர்க்க உடனே தேரைப் பூட்டு என்பது அவளது முடிவு. பாலை உண்டபின் கலத்தை எறிவாரைப் போல அவளை விட்டுவிடாதே என்பதும் அவள் கூற்றின் உட்கிடை. ஆக, ஒன்பது பண்புச் சொற்களும் தலைவனுக்குச் சூட்டிய மாலைகள் அல்ல. அவனிடம் கேட்கும் கடன்கள். "பண்புடையவன்" என்னும் பெயரை அவன் பெற வேண்டுமாயின், முதலில் செலுத்த வேண்டியது இன்னது எனக் கணக்கு வைத்துக் கேட்கிறாள் தோழி.

பண்புச் சொல் எவரிடமிருந்து எவரை நோக்கிச் செல்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. இன்றைய மேடையில் அது மேலிருப்பவரை நோக்கிப் புகழாகச் செல்கிறது. கலித்தொகையில் பாதிக்கப்பட்டவள் பக்கம் நின்று, வலிமை உடையவனை நோக்கிக் கோரிக்கையாகச் செல்கிறது. திசை மாறினால் சொல்லின் தன்மையும் மாறிவிடுகிறது.

இடம் பெயர்ந்த மூன்று தூண்கள்

திருக்குறளின் 99ஆம் அதிகாரம் சான்றாண்மை. சால்பு என்னும் நிறைவைத் தாங்கும் தூண்கள் ஐந்து என அதில் வள்ளுவர் கூறினார். அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்பன அவை. இவ்வைந்தில் அன்பும் வாய்மையும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. மற்ற மூன்றும் இடம் பெயர்ந்துவிட்டன. அவை எங்கே சென்றன என்று தேடுவது பயன் தரும்.

முதலாவது கண்ணோட்டம். இன்று இச்சொல்லைக் கேட்டதும் பார்வைக் கோணம் என்னும் பொருளே தோன்றும். மார்க்சியக் கண்ணோட்டம், பெண்ணியக் கண்ணோட்டம், உளவியல் கண்ணோட்டம் என ஆய்வேடுகளின் தலைப்புகளில் அது குடியேறிவிட்டது. வள்ளுவரிடத்தில் அஃது இரக்கத்தின் ஒரு வகை. பழகியவர் எதிரே வந்து நின்றால் அவர்மேற் கண் ஓடுதலும், அவர் வேண்டுவதை மறுக்க மாட்டாமையும் கண்ணோட்டம் எனப் பரிமேலழகர் கொண்டார். இவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியலில் 58ஆவதாக நிற்கிறது. இதற்கு முன்னுள்ளது குடிகள் அஞ்சும் செயல்களைச் செய்யாமை, பின்னுள்ளது ஒற்றாடல். அச்சுறுத்தவும் வேவு பார்க்கவும் ஆற்றல் படைத்த அரசனுக்கே இக்குணம் வேண்டும் என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும். கடமை கெடாமல் கண்ணோட வல்லவரே உலகுக்கு உரியவர் என்றும் வள்ளுவர் எல்லை வகுத்தார். அலுவலகத்தின் முன் முதியவர் ஒருவர் விண்ணப்பத்தோடு நிற்கிறார். விதியை மீறி அவர் வேலையை முடித்துத் தருதல் கண்ணோட்டம் ஆகாது. தலையை நிமிர்த்தி அவர் முகம் பார்த்து, எங்கே போக வேண்டும், என்ன தாள் வேண்டும் என்று சொல்லுதல் கண்ணோட்டம். இரக்கம், கருணை, பரிவு என எத்தனையோ சொற்கள் இருந்தாலும், அதிகாரத்தில் இருப்பவர் கடமை தவறாமல் காட்டும் இந்தக் கனிவுக்கு வேறு சொல் இல்லை. இருந்த சொல்லோ ஆய்வேட்டுக்குப் போய்விட்டது.

அதே அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரும் நாகரிகம் என்னும் சொல்லும் இவ்வாறே பெயர்ந்தது. அங்கே அது கண்ணோட்டத்தின் மறுபெயர். பின்னர் உடை, நகர வாழ்வு, பண்டைச் சமூகங்களின் வளர்ச்சி ஆகியவற்றைக் குறிக்கும் சொல்லாயிற்று. எனினும் "நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டார்", "அநாகரிகமாகப் பேசினார்" என்னும் வழக்குகளில் பழைய பொருளின் இழை இன்னும் அறவில்லை.

இரண்டாவது ஒப்புரவு. ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதற்கு முன்னதாக 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். வறியவர்க்குத் தருவது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்பவர் தம்மிடம் உள்ளதை ஊருக்கும் உரியதாகக் கருதுவது ஒப்புரவு. ஊருணி நீர், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என்பன அவர் காட்டிய உவமைகள். ஊருணியில் உபயதாரர் பெயர் எழுதியிருப்பதில்லை. கோயில் குழல்விளக்கின் ஒளியையே மறைக்குமளவு பெயர் எழுதும் வழக்கம் கொடையைச் சார்ந்தது, ஒப்புரவைச் சார்ந்ததன்று. இச்சொல் இன்று கிறித்தவத் தமிழில், பிணக்கு நீங்கி மீண்டும் இணைதல் என்னும் பொருளில் வாழ்கிறது. அதுவும் அழகிய வாழ்வே. ஆயின் பழைய பொருளுக்குப் "பொதுநலத் தொண்டு" என்றும் "சமூக சேவை" என்றும் சொல்லி நிறைவடைய வேண்டியதாயிற்று. அவ்விரண்டும் செய்யும் வேலையைச் சொல்கின்றனவே அன்றி, செய்பவரின் குணத்தைச் சொல்லவில்லை.

பெண்ணுக்கு ஒதுக்கிய சொற்கள்

மூன்றாவது தூண் நாண். இதன் பெயர்ச்சி சற்று விரிவாகக் காணத்தக்கது. திருக்குறளின் 102ஆம் அதிகாரம் நாணுடைமை. தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்டிரின் நாணம் வேறு என அதன் முதற் குறளே பிரித்துக் காட்டுகிறது. மக்கட் பிறவியைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்துவது நாணே என்பதும் அங்குள்ள கருத்து. சால்பைத் தாங்கும் தூணாக வள்ளுவர் எண்ணியது இந்த நாணையே. இன்றோ நாணம் என்றால் தலைகுனிந்த மணப்பெண்ணே நினைவுக்கு வருகிறாள். கையூட்டு வாங்கியவர் நாணினார் என்று எழுதினால் படிப்போர்க்கு அஃது ஏதோ பிழை போலத் தோன்றும். ஆணிடமிருந்து கேட்க வேண்டிய ஒரு பண்பு, பெண்ணின் அணிகலனாகச் சுருங்கிவிட்டது. இதனால் நேர்ந்த இழப்பு பெண்ணுக்கு மட்டும் உரியதன்று, பொதுவாழ்வுக்கும் உரியது.

அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றையும் தொல்காப்பியர் களவியலில் தலைவிக்கும், பெருமை, உரன் ஆகிய இரண்டையும் தலைவனுக்கும் உரியனவாகக் கூறியது உண்மை. பிற்கால உரைகளில் பயிர்ப்பும் சேர்ந்து பெண்ணுக்கு நாற்குணம் என்னும் தொகை நிலைபெற்றது. எனினும் இச்சொற்களின் வரலாறு இவ்வொரு வரையறைக்குள் அடங்கவில்லை. அச்சத்தை எடுத்துக்கொண்டால், தீவினையச்சம் என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்றும் கூறினார். அங்கே அச்சம் பெண்பாற் குணம் அன்று.

மடம் இன்னும் வியப்பானது. கற்பித்ததைப் பற்றி விடாத பேதைமை எனப் பெண்ணுக்கு ஏற்றி அதனை விளக்குவர். ஆனால் பரணர் பேகனைப் பாடிய புறநானூற்று 142ஆம் பாட்டில் கொடைமடம், படைமடம் என்னும் இரு சொற்கள் ஆளப்படுகின்றன. பெறுபவரின் தகுதியோ தனக்கு வரும் பயனோ எண்ணிப் பாராமல் கொடுத்துவிடுவது கொடைமடம். அது வள்ளலுக்கு அழகு. போர்முறை அறியாமல் பொருதுவது படைமடம். அது வீரனுக்குக் குறை. ஆக, மடம் என்பது கணக்குப் பாராமை. எங்கே கணக்குப் பார்க்கக் கூடாது, எங்கே பார்த்தே ஆக வேண்டும் என்பதைப் பொறுத்து அது குணமாகவும் குற்றமாகவும் ஆயிற்று. இத்துணை நுண்மையான சொல்லை ஒரு பாலார்க்கு மட்டும் உரியதாக்கியபின், அதற்கு அறியாமை என்னும் மொட்டைப் பொருளே எஞ்சியது.

ஆண்மை என்னும் சொல்லின் நிலையும் இதுவே. ஆண் என்னும் பகுதியோடு மை சேர்ந்தாலும் ஆண்மை. ஆள் என்னும் பகுதியோடு மை சேர்ந்தாலும் ஆண்மை. தாளாண்மை, வேளாண்மை, சான்றாண்மை ஆகிய சொற்களில் உள்ளது இரண்டாவது. முயற்சியையும் உதவியையும் சால்பையும் தன்வயப்படுத்தி ஆளுதல் என்பது அதன் பொருள். அஃது இருபாலார்க்கும் உரியது. வீரத்தின் கொடிய முனையைப் பேராண்மை என்ற வள்ளுவர், பகைவனுக்குத் துன்பம் நேர்ந்தபோது உதவும் ஊராண்மையை அதன் கூர்மை என்றார். பிறன்மனை நோக்காமையையும் பேராண்மை என்றார். வலிமை உடையவன் தன் வலிமையை அடக்குமிடத்தில்தான் அச்சொல்லை அவர் பெரிதும் பயன்படுத்தினார். இன்றைய திரைப்பாட்டும் விளம்பரமும் அச்சொல்லுக்குத் தரும் பொருளை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவையோர் பொறுப்பு.

இப்பங்கீட்டை வெளிப்படையாக மறுத்த கவிஞர் பாரதியார். புதுமைப் பெண்ணுக்கு நாணமும் அச்சமும் வேண்டா என்ற அவர், நிமிர்ந்த நடையையும் நேர்கொண்ட பார்வையையும் அவளுக்குத் தந்தார். செம்மை என்னும் பழஞ்சொல்லையும் அவளுக்கே சூட்டினார். கோலுக்கும் கோல் பிடித்த மன்னனுக்கும் உரியதாயிருந்த நேர்நிலை, அவர் பாட்டில் பெண்ணின் குணமாயிற்று. ஒரு சொல்லை இடம் பெயர்த்துவைக்கும் ஆற்றல் கவிஞருக்கு உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. சொற்கள் தாமாகத் தேய்ந்து இடம் பெயர்வது ஒன்று. கவிஞர் அறிந்து பெயர்ப்பது மற்றொன்று.

பேச்சு வழக்கின் தராசு

ஏட்டில் தேய்ந்த நுண்மை, மக்கள் பேச்சில் தேயாமல் இருப்பதும் காணத்தக்கது. ஏமாற்றத் தெரியாத ஒருவரைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளந்தி என்றால் உள்ளத்தில் ஒளிவுமறைவு இல்லாதவர். அப்பாவி என்றால் தீங்கு செய்யாதிருந்தும் தீங்குக்கு ஆளாகிறவர். ஏமாளி என்றால் பிறர் ஏய்ப்பதற்கு இடம் கொடுப்பவர். வெகுளி என்றால் நினைத்ததை நினைத்தபடி பேசிவிடுபவர். இந்நான்கையும் ஊரார் ஒன்றுக்கு ஒன்று மாற்றிச் சொல்வதில்லை. வெள்ளந்தி என்னும்போது குரலில் அன்பு இருக்கும். ஏமாளி என்னும்போது சிறிது இளக்காரம் இருக்கும்.

இவற்றுள் வெகுளி என்பது தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று. அங்கே அதற்குச் சினம் என்பதே பொருள். வள்ளுவரின் வெகுளாமையும் சினவாமையே. சினத்தின் பெயர் சூதறியாதவரின் பெயராக மாறியதற்கு, உணர்ச்சியை மறைக்கத் தெரியாமை என்னும் பொதுத்தன்மை வழிவகுத்திருக்கலாம்.

இறுக்கமான மனிதரைக் குறிக்கும் சொற்களும் அவ்வாறே. நெஞ்சழுத்தக்காரர் தம் கருத்தை வெளிவிடாதவர். கறாரானவர் கணக்கில் விட்டுக்கொடாதவர். கண்டிப்பானவர் பிறர் ஒழுங்கில் விட்டுக்கொடாதவர். முசுடர் காரணமின்றியே முகம் கொடாதவர். கல்லுளிமங்கர் என்ன கேட்டாலும் வாய் திறவாதவர். "அவர் கண்டிப்பானவர்; ஆனால் ஈரம் உள்ளவர்" என ஒரு கிராமத்து மூதாட்டி ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொன்னால், இரண்டே சொற்களில் ஒரு மனிதர் எதிரே வந்து நிற்கிறார். நன்னூலார் அருளையும் வெகுளியையும் ஒரே வரிசையில் வைத்ததைப் போன்ற முறை இது. மேடைத் தமிழுக்குக் கைவராத இந்நுண்மை திண்ணைத் தமிழுக்கு எளிதாகக் கைவருகிறது. திண்ணையில் பேசுபவர் அம்மனிதரோடு நாளைக்கும் பழக வேண்டும். தவறான எடை போட்டால் இழப்பு அவருக்கே.

கவிஞர் கடன்

இச்சொற்களையெல்லாம் மீண்டும் பழைய பொருளிலேயே வழங்குமாறு செய்ய இயலுமா என்பது வினா. முழுதும் இயலாது. கண்ணோட்டம் என்பதை ஆய்வாளரிடமிருந்து பறிக்கவும் வேண்டியதில்லை. மொழி என்பது வாழும் பொருள். அதன் போக்கை மறிப்பது எவர்க்கும் கூடாது. எனினும் கவிஞர் செய்யத்தக்கவை இரண்டு உண்டு.

ஒன்று, கலித்தொகைத் தோழியின் வழி. பண்புச் சொல்லை ஆளும்போது, அது எந்தச் செயலால் வந்தது, எவர் எதிரே நின்றபோது வந்தது என்பதையும் உடன் வைத்தல். எளிமையானவர் என்று ஒருவரைப் பாடும் கவிஞர், அவ்வெளிமை வேட்டியிலும் செருப்பிலும் உள்ளதா, அன்றிக் குறைசொல்ல வந்தவர் எந்நேரமும் அணுகத் தக்கவராய் அவர் இருந்தமையில் உள்ளதா எனக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசனிடம் வள்ளுவர் வேண்டிய எளிமை பின்னது. அப்படிக் கேட்டு எழுதும்போது பழைய சொல், பழைய ஆற்றலோடு மீண்டும் எழுகிறது. கண்ணோட்டம் என்னும் சொல்லையும் ஒரு செயலின் அருகே வைத்தால், அகராதியின் துணை இன்றியே படிப்போர் அதன் பழம்பொருளை உணர்ந்துகொள்வர்.

மற்றொன்று, ஔவையாரின் வழி. அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆவதாக உள்ளது. அதில் குணப்பெயர்கள் அடுக்கப்படவில்லை. சிறிதளவே கிடைத்தபோது அவன் என்ன செய்தான், மிகுதியாகக் கிடைத்தபோது என்ன செய்தான், உணவு கிடைத்த இடத்தில் எவரை முன்னிறுத்தினான், அம்பும் வேலும் பாயும் இடத்தில் எவரை முன்னிறுத்தினான் என்பவையே சொல்லப்படுகின்றன. ஈகை, வீரம், தோழமை ஆகிய பெயர்களைக் கேட்போரே தம் உள்ளத்தில் இட்டுக்கொள்கின்றனர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்குப் பின்னும் அதியமான் எல்லாரையும் போன்ற வள்ளலாகத் தோன்றாமல், தனி ஒருவனாகத் தோன்றுவது இதனால்தான்.

இரு வழிகளும் ஒன்றையே வற்புறுத்துகின்றன. பண்புச் சொல்லுக்குப் பின்னே ஒரு செயல் நிற்க வேண்டும். செயல் நிற்காத இடத்தில் அது பட்டமாகிவிடும். சால்பு என்னும் சொல்லுக்கு எழுத்தால் நெருங்கிய சான்றிதழ், இன்று நன்னடத்தையையும் ஒரே வரியில் உறுதி செய்கிறது. வாங்குபவரை அறியாமலே அதில் கையெழுத்திடுவதும் உண்டு. கவிஞரின் சொல் அத்தகைய சான்றிதழாக இருத்தல் தகாது.

பத்து ஆண்டுகளாகக் கூடிக் கவிதை படித்தும், நூல்களை ஆய்ந்தும், மூத்தோரைப் போற்றியும், மறைந்தோரை நினைந்தும் வந்துள்ள ஓர் இலக்கிய வட்டம், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எளிய நெறி ஒன்றை மேற்கொள்ளலாம். மேடையில் ஒருவரைப் பாராட்டும் ஒவ்வொருவரும், தாம் கண்ட அல்லது நன்கு அறிந்த செயல் ஒன்றைக் கூறி, அதற்குரிய சொல் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் பொறையுடையார் என்றால் மற்றவர் அவரையே ஒப்புரவாளர் என்று சொல்லக்கூடும். பாராட்டுரை குறுகும், பாராட்டப் பெறுபவர் தெளிவாகத் தெரிவார். மறைந்த ஓர் உறுப்பினரை அறியாத இளைஞர், பல ஆண்டுகளுக்குப் பின் இம்மலரைப் புரட்டும்போது, "ஆள் எப்படி?" என்னும் கேள்விக்கு விடை பெறுவார்.